வறுத்த கோப்பி சரியில்லையா? சுவையை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

வீட்டில் வறுத்த கோப்பி சரிவராவிட்டால் பழி முதலில் கொட்டைக்குத்தான் போகும். வவுனியாவில் வாங்கினது கூடாது, மாத்தளையிலிருந்து சொந்தக்காரர் கொடுத்துவிட்டது பழசு, இப்படி ஏதாவது. சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும், அதற்குக் கீழே இடம் வைத்திருக்கிறேன். ஆனால் பெரும்பாலான கோளாறு தாச்சியில்தான் நடக்கிறது, அதிலும் எந்தக் கட்டத்தில் எவ்வளவு நெருப்பு இருந்தது என்பதில். ஆகவே நிறத்தைப் பார்த்துக் குழம்பாமல் குடித்துப் பாருங்கள், வாயில் என்ன வருகிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒருமுறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நெருப்பையும் கொட்டையின் அளவையும் மில்லையும் ஒரேயடியாக மாற்றினால் எது சரிசெய்தது என்று யாருக்கும் தெரியாது.

அதற்கு முன் ஒழுங்கான வறுவல் எப்படிப் போகும் என்பது தெரிய வேண்டும். பச்சைக் கொட்டையில் 10 முதல் 12 சதவீதம் ஈரம் இருக்கும். முதல் சில நிமிடங்களில் அது இறங்கி, பச்சை வெளிறி மஞ்சளாகி, வைக்கோல் மணம் வரும். கொட்டையின் சூடு 150 பாகை செல்சியஸைத் தாண்டும்போது மண்ணிறம் பிடிக்கும், பாண் வேகிற மணம் வரும். கொட்டையில் உள்ள சீனியும் புரதக் கூறுகளும் சேர்ந்து கோப்பிக்குரிய மணத்தையும் நிறத்தையும் உண்டாக்கும் மெய்லார்ட் தாக்கம் நடப்பது இங்கேதான். 200 பாகைக்குக் கிட்ட வரும்போது உள்ளே அடைபட்ட நீராவியும் வாயுவும் கொட்டையைப் பிளந்துகொண்டு வெளியேறும், டப் டப் என்று தெளிவாகக் கேட்கும். இது முதல் வெடிப்பு. இதற்குப் பிறகும் நெருப்பில் விட்டால் 225 பாகை அளவில் இரண்டாம் வெடிப்பு வரும். சத்தம் சின்னது, நெருக்கமாக நெறுநெறுக்கும், எண்ணெய் மேலே கசியும், புகை கூடும். நல்ல கோப்பி முதல் வெடிப்பு அடங்குவதற்கும் இரண்டாவது தொடங்குவதற்கும் இடையில்தான் கிடைக்கும். இரண்டாவதின் முதல் சில சத்தங்கள் வரை போகலாம், அதற்கு மேல் போகிறவர்கள் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

குடும்பத்துக்குக் கறி வைக்கிற அளவான இரும்புத் தாச்சியில் 250 முதல் 300 கிராம் போட்டுக் கை ஓயாமல் கிளறினால், முதல் வெடிப்பு 8 முதல் 12 நிமிடத்துக்குள் வர வேண்டும், எல்லாம் 12 முதல் 16 நிமிடத்துக்குள் முடிய வேண்டும். இந்த அளவை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பச்சை மணம், புளிப்பு, நாக்கில் கயர்ப்பு

பச்சைக் கச்சானைக் கடித்த மாதிரி ஒரு சுவை, அதோடு கூர்மையான புளிப்பு, குடித்த பிறகு நாக்கில் கயர்ப்பு. இது உள்ளே வேகாத கோப்பி. உறுதிப்படுத்த ஒரு கொட்டையை எடுத்துக் கடியுங்கள். பல்லுக்கு வளையாமல் கல் மாதிரி இருந்தாலோ, உடைத்தால் உட்புறம் வெளிப்புறத்தைவிட நன்றாக வெளிறி இருந்தாலோ சந்தேகம் வேண்டாம். உரலில் இடிக்கிறவர்களுக்கு இது இன்னும் முன்னமே தெரிந்துவிடும், உலக்கை துள்ளும்.

முதல் வெடிப்பு தொடங்கிய உடனேயே, 'வெடிக்குது, கருகப்போகுது' என்று பயந்து இறக்குவதுதான் வழக்கமான காரணம். முதல் சத்தம் கேட்டதற்குப் பிறகு இன்னும் இரண்டு மூன்று நிமிடம் தேவை. அந்த நேரத்தில்தான் உட்புறம் வெளிப்புறத்தை எட்டிப் பிடிக்கும், புளிப்பும் இறங்கும். வெடிப்பு தொடங்கியதும் நெருப்பைக் கொஞ்சம் குறையுங்கள், ஆனால் அணைக்க வேண்டாம். சத்தம் ஐதாகி நிற்கும் வரை கிளறிக்கொண்டிருங்கள்.

இறக்கி ஆறவைத்த கொட்டையைத் திரும்பத் தாச்சியில் போட்டு வறுத்துச் சரிசெய்யலாமா என்று கேட்பார்கள். போடலாம், ஆனால் வருவது அடுத்ததற்கு அடுத்த தலைப்பில் இருக்கிற சப்பைக் கோப்பிதான்.

வெளியே கறுப்பு, உள்ளே பச்சை. தட்டையான பக்கத்தில் கரும்பொட்டு

புளிப்பும் கரிக்கசப்பும் ஒரே வாயில் வருகிறதென்றால் கொட்டைகளை வெளிச்சத்தில் பாருங்கள். தட்டையான பக்கத்தில் தீக்காயம் மாதிரி வட்டப் பொட்டு, அல்லது நுனி மட்டும் கறுப்பு. தாச்சி அளவுக்கு மீறிக் காய்ந்திருந்தபோது கொட்டை போட்டிருக்கிறீர்கள், அல்லது கிளறுகிற கை நின்றிருக்கிறது.

மெல்லிய அலுமினியத் தாச்சியில் இது அடிக்கடி நடக்கும், அடி சட்டென்று சுட்டு நெருப்பின் ஏற்ற இறக்கத்தை அப்படியே கொட்டைக்குக் கடத்தும். கனமான இரும்புத் தாச்சி மெதுவாகச் சுட்டு மெதுவாக ஆறும். விறகிலும் கவனம் வேண்டும். எங்கள் பக்கம் பாலை விறகுக்குக் குறைவில்லை, தணல் நின்று எரியும், சோறு கறிக்கு அதைவிட நல்ல விறகு இல்லை; கோப்பிக்கு அந்தத் தணல் முழுவதையும் தாச்சிக்கு அடியில் குவித்தால் கொட்டை தப்பாது. தணலை ஓரத்துக்கு இழுத்துவிட்டு, நெருப்பைக் கூட்ட வேண்டிய நேரத்தில் ஒரு சிராம்பையோ சிரட்டையோ வைத்துக் கூட்டுங்கள். கொட்டையைப் போட்ட உடனே சடசடவென்று சத்தமும் புகையும் வந்தால் தாச்சி கூடச் சூடு. நல்ல தொடக்கத்தில் முதல் இரண்டு நிமிடம் ஒன்றுமே நடக்காத மாதிரித்தான் இருக்கும்.

சப்பென்று இருக்கிறது, பாண் மணம், புளிப்பும் இல்லை இனிப்பும் இல்லை

நிறம் அழகாக இருக்கும், எல்லாக் கொட்டையும் ஒரே மாதிரி, கருகல் ஒன்றும் இல்லை, ஆனால் கோப்பியில் ஒன்றும் இல்லை. இதைப் பிடிப்பது கஷ்டம், ஏனென்றால் பார்வைக்கு இது வெற்றி பெற்ற வறுவல். நடந்தது என்னவென்றால் கொட்டை வறுபடவில்லை, மெதுவாக வெதும்பியிருக்கிறது. கருகிவிடும் என்ற பயத்தில் குறைந்த நெருப்பில் அரை மணி, முக்கால் மணி என்று வைத்துக் கிளறினால் மணம் தருகிற பொருள்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும்.

இன்னொரு வழியிலும் இது வரும்: முதல் வெடிப்பு நடக்கும்போது விறகு தீர்ந்து, நெருப்பு விழுந்து, சத்தம் பாதியில் நின்று, திரும்ப ஊதி மூட்டி, திரும்ப வெடிக்கவைப்பது. நடுவில் அப்படிச் சூடு இறங்குவது ஒன்றே போதும், கோப்பி சப்பையாகிவிடும். விறகை வறுக்கத் தொடங்க முன்னமே கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருங்கள். காஸ் அடுப்பென்றால் சிலிண்டரைத் தூக்கிப் பாருங்கள்.

தாச்சி கொள்ளாத அளவு போட்டாலும் இதே விளைவுதான். ஒரு கிலோவை ஒரேயடியாகப் போட்டு வேலையை முடிக்கலாம் என்று நினைக்காதீர்கள், மூன்று நாலு ஈடாகப் பிரித்து வறுங்கள். முதல் ஈட்டுக்குப் பிறகு தாச்சி கூடக் காய்ந்திருக்கும் என்பதால் அடுத்த ஈட்டுக்கு முன் ஒரு நிமிடம் இறக்கி வையுங்கள்.

கரி, சாம்பல், தொண்டையில் நிற்கும் கசப்பு

இதற்குத்தான் நிறைய எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பாதிப்பேர் இதைக் கோளாறென்றே நினைப்பதில்லை. 'கறுக்க வறுத்தால்தான் கோப்பி கடும்' என்று ஒரு நம்பிக்கை ஊரெல்லாம் இருக்கிறது. செத்தவீட்டிலும் கோயில் மடத்திலும் அண்டாவில் காய்ச்சுகிற கோப்பி பனங்கட்டியோடு குடிக்க நன்றாகத்தான் இருக்கும், கசப்பைப் பனங்கட்டி மறைத்துவிடும். ஆனால் கறுப்புக்கும் கடுமைக்கும் சம்பந்தம் இல்லை. கோப்பியில் உற்சாகம் தருகிற பொருளான கஃபீன் வறுக்கும்போது பெரிதாகக் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. கடுமை வேண்டுமானால் தூளைக் கூடப் போடுங்கள், அல்லது ரொபஸ்டா என்ற இனத்துக் கொட்டையை வாங்குங்கள், அதில் மற்ற இனமான அராபிகாவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கஃபீன் இருக்கிறது.

வறுக்க வறுக்க நடப்பது வேறு. கொட்டையில் இயல்பாக உள்ள சீனி நடுத்தர வறுவலிலேயே பெரும்பகுதி மாறிவிடும், கறுப்பு வறுவலில் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது. குளோரோஜெனிக் அமிலம் என்று ஒன்று பச்சைக் கொட்டையில் நிறைய உண்டு. அது நடுத்தர வறுவலில் உடைந்து லாக்டோன் என்ற பொருள்களாகும், அந்தக் கசப்பு இதமானது, கோப்பி என்றால் நாம் எதிர்பார்க்கிற கசப்பு. இன்னும் கறுக்கவிட்டால் அவையும் உடைந்து பினைல்இண்டேன் என்ற வகைக்குப் போகும். தொண்டையில் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்கிற கசப்பு அதுதான். மாத்தளைக் கொட்டையா ஹப்புத்தளைக் கொட்டையா என்ற வித்தியாசமும் அந்த இடத்தில் அழிந்துவிடும், எல்லாம் ஒரே கரி.

கறுப்பு வேண்டாம் என்று தெரிந்தும் கறுப்பாகிவிடுகிறவர்களுக்கு: முதல் வெடிப்பை நெருங்கும்வரை கொட்டை சூட்டை உள்ளே வாங்கிக்கொண்டிருக்கும், அந்தக் கட்டத்திலிருந்து தானே சூட்டை வெளிவிடத் தொடங்கும். அதோடு இரும்புத் தாச்சியின் சூடும் சேரும். அடுப்பை அணைத்துவிட்டுத் தாச்சியிலேயே விட்டுவிட்டு வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று போனால், திரும்பி வரும்போது ஒரு படி கூட வறுபட்டிருக்கும். வேண்டிய நிறத்துக்குக் கொஞ்சம் முன்னமே இறக்குங்கள், இறக்கிய கையோடு சுளகில் கொட்டிப் பரப்புங்கள். நாலைந்து நிமிடத்துக்குள் கை வைக்கக்கூடிய சூட்டுக்கு வர வேண்டும். சோளகம் வீசுகிற மாதங்களில் விறாந்தையில் நின்று புடைத்தாலே போதும், காண்டாவனத்தில் காற்று அசையாத நேரமென்றால் மேசைக்காற்றாடியைப் போடுங்கள். தண்ணீர் தெளிக்கிற பழக்கம் சிலருக்கு உண்டு. தொழிற்சாலையில் அளந்து தெளிக்கிறார்கள், வீட்டில் கைக்கணக்கில் தெளித்தால் கொட்டை ஈரத்தோடு நின்று சீக்கிரம் பழசாகும்.

கண்ணை நம்பமுடியாது, குறிப்பாக மின்குமிழ் மஞ்சளாக எரிகிற குசினியில். தராசை நம்பலாம். பச்சையாக 1 கிலோ போட்டு, வறுத்துத் தொலி நீக்கியபின் 840 முதல் 860 கிராம் வந்தால் நடுத்தர வறுவல். 800க்குக் கீழே போனால் கறுப்பு, நீங்கள் என்ன பெயர் சொன்னாலும் சரி. 880க்கு மேல் நின்றால் முதல் தலைப்பைப் பாருங்கள். ஒரு கிலோ போட்டேன், முக்கால் கிலோதான் வந்தது என்று மில்காரரைச் சந்தேகப்படுகிறவர்களும் இந்தக் கணக்கை ஒருமுறை பார்ப்பது நல்லது.

ஒரே ஈட்டில் சில கறுப்பு, சில மண்ணிறம்

அளவு கலந்த கொட்டை என்றால் சின்னது முந்தும், பெரியது பிந்தும். அரிதட்டில் அரித்து இரண்டாகப் பிரித்து வறுங்கள். தட்டையில்லாமல் உருண்டையாக, பழத்துக்குள் ஒன்றே ஒன்றாக விளைகிற கொட்டைகளும் சிலவேளை கலந்திருக்கும், அவற்றைத் தனியாக எடுத்து வறுத்தால் தாச்சியில் அழகாக உருண்டு வறுபடும்.

எல்லாம் நல்ல நிறமாக இருக்க அங்கொன்று இங்கொன்று மட்டும் வெளிறி மஞ்சளாக நின்றால் அது வறுவலில் வந்ததில்லை. காயாகப் பறித்த கொட்டை, உள்ளே சீனி இல்லை, எவ்வளவு வறுத்தாலும் நிறம் ஏறாது. அவற்றை ஏற்றவேண்டுமென்று மற்றதைக் கருக்காதீர்கள். ஆறிய பின் பொறுக்கி எறியுங்கள். பத்துக் கொட்டை கலந்தாலும் கோப்பியில் கடதாசி மாதிரி ஒரு வறட்சி தெரியும்.

முற்றத்தில் கல்லடுப்பு வைத்து வறுக்கிறவர்களுக்குக் காற்றும் ஒரு காரணம். நெருப்பு ஒரு பக்கமே சாய்ந்து எரியும், தாச்சியின் அந்தப் பக்கம் மட்டும் காயும். ஒரு பழைய தகரத்தைக் காற்றுப் பக்கம் நிறுத்தினால் பிரச்சினை முடிந்தது.

வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போய்க் கச்சான் மணலில் வறுபடுவதைப் பார்த்துவிட்டு, கோப்பியையும் மணலில் வறுத்தால் ஒரே சீராக வருமே என்று யாராவது சொல்வார்கள். சீராக வரலாம். ஆனால் கோப்பிக்கொட்டையின் நடுப்பிளவுக்குள் மணல் போய் உட்கார்ந்தால் புடைத்தாலும் போகாது, அரைக்கிற இயந்திரம்தான் பாவம். வெடிப்புச் சத்தமும் சரியாகக் கேட்காது.

புகை மணம்

கொட்டையை மூடியிருக்கும் மெல்லிய தொலி வறுபடும்போது உரிந்து தாச்சியின் அடியில் சேர்ந்து எரியும், அந்தப் புகையைக் கொட்டை பிடித்துக்கொள்ளும். முதல் வெடிப்புக்கு முன்னும் பின்னும் தாச்சியை ஒருக்கால் சரித்து ஊதிவிடுங்கள். மூடிபோட்டு வறுக்காதீர்கள். ஈர விறகு வைக்காதீர்கள். இறக்கிய பின் சுளகில் நன்றாகப் புடையுங்கள்.

சாக்கு மணம், பூஞ்சண மணம்

மார்கழி மழைக்குள் வாங்கிச் சாக்கோடு மூலையில் வைத்த கொட்டையில் வரும். பச்சைக் கொட்டையை மணந்து பாருங்கள், அதிலேயே இருக்கும். வறுவல் இதை மாற்றாது, கறுக்க வறுத்து மறைக்கலாம் என்பதும் கூடாது. சில பூஞ்சணங்கள் விடுகிற ஒக்ராடொக்சின் என்ற நஞ்சு வறுவலில் குறையுமே தவிர முழுவதும் போகாது. எறிய மனம் வராதுதான், எறியுங்கள். அடுத்தமுறை வெயில் காலத்தில் வாங்கி, நிழலில் காயவைத்து, காற்றுப் புகாத வாளியில் தரையில் படாமல் வையுங்கள்.

றப்பர் எரிந்த மாதிரி மணம்

பெரும்பாலும் ரொபஸ்டாவைக் கறுக்க வறுத்தது. 1869இல் இலங்கையில் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் அடுத்த சில பத்தாண்டுகளில் மலைநாட்டின் அராபிகாத் தோட்டங்களை முடித்துவிட்டது, தேயிலை வந்தது அந்த இடத்தில்தான். நோயைத் தாங்குகிற ரொபஸ்டா அதற்குப் பிறகு வந்தது, இன்றும் பதிவான இடங்களின் வீட்டுத்தோட்டங்களில் அதுதான் நிறைய. சந்தையில் பெயர் சொல்லாமல் விற்கிற கொட்டை குட்டையாக உருண்டு, நடுப்பிளவு நேராக இருந்தால் ரொபஸ்டா. நீண்டு, பிளவு வளைந்திருந்தால் அராபிகா. ரொபஸ்டாவில் சீனி குறைவு, ஆகவே கறுப்பில் தாங்க ஒன்றுமில்லை. இரண்டாம் வெடிப்புக்கு முன்னமே இறக்குங்கள், மல்லியும் வேர்க்கொம்பும் சேர்க்கிற தூளுக்கு அதுவே நன்றாகப் பொருந்தும்.

மல்லி கருகின மணம்

மல்லி, மிளகு, வேர்க்கொம்பு எல்லாவற்றையும் கோப்பியோடு ஒரே தாச்சியில் போட்டால் இப்படித்தான். கோப்பி 200 பாகைக்கு மேல் போக வேண்டியது, மல்லி மணம் வந்த உடனே இறக்க வேண்டியது, இரண்டும் ஒன்றாக வேகாது. கோப்பியை முதலில் தனியாக வறுத்து இறக்கிவிட்டு, ஆறுகிற தாச்சியின் மிச்சச் சூட்டிலேயே மல்லியை வறுங்கள். வேர்க்கொம்பை வறுக்க வேண்டியதில்லை, தட்டிச் சூடுகாட்டினால் போதும்.

தொண்டை எரிகிறது, தும்மல் வருகிறது

சிரிக்க வேண்டாம். உங்களுக்கு முன்னால் நின்றவர் மிளகாய்த்தூள் அரைத்திருக்கிறார். மில்லுக்குப் போகும்போது ஒரு சுண்டு பழைய அரிசி கொண்டுபோய் முதலில் அதை அரைத்துவிடச் சொல்லுங்கள், அல்லது விடியற்காலையில் முதல் ஆளாகப் போங்கள். கோப்பித்தூள் மணத்தை இழுத்துக்கொள்கிற சாமான், சரக்குத்தூளோடு ஒரே தட்டில் வைத்தாலும் இதே கதைதான்.

வறுத்த அன்று காரம், அடுத்த நாள் நல்லது, இரண்டு கிழமையில் ஒன்றுமில்லை

வறுத்த கொட்டைக்குள் கரியமில வாயு நிறைய இருக்கும். அன்றைக்கே அரைத்து வெந்நீர் ஊற்றினால் நுரைத்துப் பொங்கும், தண்ணீர் தூளுக்குள் இறங்காது, சுவையும் முரடாக இருக்கும். கொட்டையாகவே ஒரு நாளோ இரண்டு நாளோ விட்டு அரையுங்கள். வறுத்த கையோடு போத்தலில் அடைத்து இறுக்கி மூடினால் மூடி புடைக்கும்.

பிறகு வருகிற பிரச்சினை நேர்மாறானது. தூளாக்கியபின் காற்றுப் பட்டு மணம் போகும், எண்ணெய் காறும். நம்முடைய வெயிலுக்கு யன்னல் தட்டில் கண்ணாடிப் போத்தலில் தூளை வைப்பது அதைக் கொல்வதற்குச் சமம். மொத்தமாக வறுக்கலாம், மொத்தமாக அரைக்க வேண்டாம். பத்து நாளைக்குக் காணுகிற அளவு அரைத்து, மிச்சத்தைக் கொட்டையாகவே ஒரு தகரப்பேணியில் இருட்டில் வையுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் மந்தமாக இருக்கிறது

கேத்தலைத் திறந்து உள்ளே பாருங்கள். அடியில் வெள்ளையாகக் கல் படிந்திருந்தால் உங்கள் கிணறு கல்லுத்தண்ணீர். வன்னியின் பல கிணறுகளில் இதுதான் நிலை. அந்தத் தண்ணீரின் காரத்தன்மை கோப்பியின் புளிப்பை அப்படியே அடக்கிவிடும், இளம் வறுவல் கூடச் சுண்ணாம்பு குடித்த மாதிரி மந்தமாகும். ஒரே தூளை ஒரே அளவில் இரண்டு கோப்பையில் போட்டு, ஒன்றுக்குக் கிணற்றுத் தண்ணீரும் மற்றதற்கு வடிகட்டி விற்கிற தண்ணீரும் கொதிக்கவைத்து ஊற்றிப் பாருங்கள். இரண்டும் வேறு வேறாக இருந்தால் தாச்சியில் ஒன்றையும் மாற்ற வேண்டாம். கோப்பிக்கு மட்டும் தண்ணீரை மாற்றுங்கள், அதுவும் முடியாவிட்டால் கொஞ்சம் கூட வறுங்கள், கல்லுத்தண்ணீருக்கு நடுத்தரத்தைத் தாண்டிய வறுவல்தான் தாங்கும். இரண்டும் ஒரே மாதிரி மந்தமாக இருந்தால் தண்ணீரை விடுங்கள், சப்பைக் கோப்பித் தலைப்புக்குத் திரும்பிப் போய் நெருப்பைப் பாருங்கள்.